சூடு வராத டிரையரும் அரை மூட்டை சீரகச் சம்பாவும்

எங்கள் வீட்டுக்கு டிரையர் வந்தது பேத்தி பிறந்த வருஷம். துணியைத் துவைக்கிற மிஷின் இல்லை, துவைத்த துணியைக் காயவைக்கிற மிஷின். வெள்ளைப் பெட்டி, முன்னால் வட்டமாக ஒரு கண்ணாடிக் கதவு, பின்னால் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய். குழாயை ஜன்னல் வழியாக வெளியே விட்டிருந்தார்கள். உள்ளே துணி சூட்டில் உருளும், ஈரக்காற்று குழாய் வழியாகப் போய் முருங்கை மரத்தில் அடிக்கும். அந்தப் பக்கத்துக் கிளை அந்த வருஷம் காய்க்கவே இல்லை.

மாறி மாறி ஆட்சிக்கு வந்தவர்கள் டி.வி. கொடுத்தார்கள், மிக்சி, கிரைண்டர், மின்விசிறி எல்லாம் கொடுத்தார்கள். அத்தனையையும் ரேஷன் கார்டைக் காட்டி வரிசையில் நின்று வாங்கி வந்தவள் நான். டிரையரை மட்டும் எந்தக் கட்சியும் கொடுக்கவில்லை. அது சம்பந்தி வீட்டுச் சீர். மழைக்காலத்தில் பிள்ளைத் துணி காயாமல் மகள் கஷ்டப்படக் கூடாது என்று சம்பந்தி அம்மாள் யோசித்து வாங்கியது. நான் தொட்டில் வரும் என்று எதிர்பார்த்து உத்தரத்தில் கொக்கியெல்லாம் மாட்டி வைத்திருந்தேன். வந்தது பெட்டி. நாலு பேர் தூக்கி வந்தார்கள்.

மருமகள் நர்ஸ். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை. எட்டு மணி பஸ்ஸுக்குப் போனால் சாயங்காலம்தான் வருவாள். பேத்தி என்னிடம். எனக்கு எழுத்து தெரியாது என்பதால் மருமகள் நகப்பூச்சை எடுத்து மிஷினில் இரண்டு இடத்தில் பொட்டு வைத்துக் கொடுத்தாள். சிவப்புப் பொட்டை அமுக்கினால் ஓடும், ஊதாப் பொட்டை அமுக்கினால் நிற்கும். இதை இப்போது எழுதிக்கொண்டிருப்பதும் அவள்தான். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். அவள் பேச்சு வருகிற இடத்தில் மட்டும் பேனா கொஞ்சம் நிதானமாகப் போகிறது.

டிரையர் கதைக்குப் போகுமுன் நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிலம் இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

எனக்கு மூன்று மா நிலம் இருக்கிறது. ஒரு ஏக்கர். பட்டா என் பேரில். என் வயசுக்காரிகள் எத்தனை பேருக்கு அப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்தில் எங்களுக்குக் கூலி நெல்லாகத்தான் அளப்பார்கள். அளக்கிற மரக்கால் பண்ணை வீட்டு மரக்கால். அது மற்ற மரக்காலைவிடக் கொஞ்சம் வயிறு ஒட்டினது. கூலியைக் கூட்டிக் கேட்டு ஊரே வயலில் இறங்காமல் நின்றது. பண்ணையில் வெளியூர் ஆளைக் கொண்டு வந்தார்கள், நாங்கள் வரப்பில் மறித்தோம், போலீஸ் வந்தது, வீட்டுக்கொரு ஆம்பளையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனது. அறுப்புக்கு அறுப்பு இதே கதைதான். அப்புறம் ஆட்சி மாறி, உச்சவரம்பு என்று சட்டம் வந்து, பண்ணைக்கு மிஞ்சின நிலத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள். தாசில்தார் புளியமரத்தடியில் மேஜை போட்டு உட்கார்ந்தார். என் முறை வந்தது.

"புருஷன் எங்கம்மா? வரச் சொல்லு."

"உங்க லாக்கப்புலதாங்க இருக்காரு."

தாசில்தார் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அவரு வர்ற வரைக்கும் மேஜையத் தூக்கிக்கிட்டு அலைய முடியாது. உன் பேருக்கே போடுறேன். வை கைநாட்டை" என்றார். வைத்தேன். என் வீட்டுக்காரர் வெளியே வந்ததும் முதல் வேலையாக வயலுக்குப் போனார். திரும்பி வந்து, "நம்ம வயலு எது எதுவரைக்கும்?" என்று கேட்டார். "நம்ம வயலு இல்ல, என் வயலு. வேணும்னா நாளைக்கு வேலைக்கு வாங்க" என்றேன். சாகிற வரைக்கும் ஒரு நாள் தவறாமல் வேலைக்கு வந்தார், பாவம்.

மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். கட்டடம் கட்டுகிற இடத்தில் மேற்பார்வை. நல்ல பிள்ளைதான். ஆனால் போன் எடுத்தால் நிலத்தைக் குத்தகைக்கு விடு என்பான். காரணம், டிரையர் வந்ததற்கு முந்தின வருஷம் நான் விதைநெல் வாங்க வரிசையில் நின்று வெயிலில் மயங்கி விழுந்துவிட்டேன். விழுந்தது விழுந்தேன், எனக்கு முன்னால் நின்றவன் மேல் விழுந்தேன், அவன் ஒரு வாரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தான். அதைச் சொல்லிச் சொல்லி மகன் என்னை வழிக்குக் கொண்டுவரப் பார்த்தான்.

"அம்மா, சொந்த விதை வீட்டுல இருந்தா நீ பண்ணு. நான் ஒண்ணும் சொல்லல. விதை தேடிக்கிட்டு மறுபடி வெயில்ல போயி நிக்கிறதா இருந்தா குத்தகைக்கு விட்டுடு. அவரும் கேட்டுக்கிட்டே இருக்காரு."

"எவரு?"

"எவருன்னு உனக்குத் தெரியும்."

தெரியும். பண்ணை வீட்டுப் பேரன். ஐம்பது வயசு தாண்டின மனுஷன். தாத்தா எங்களை வாடி போடி என்று கூப்பிட்டார், பேரன் வாங்க போங்க என்கிறார், அதெல்லாம் நியாயமாகப் பேசுகிறவர்தான். என் நிலம் அவர் நிலத்துக்கு நடுவில் மூக்குத்தி மாதிரி இருக்கிறது. அது கையில் வந்தால் ஒரே சதுரமாகிவிடும், டிராக்டர் திரும்ப வசதி. அவர் வசதிக்குச் சொன்னதுதான். ஆனாலும் பண்ணையிலிருந்து வந்த நிலம் பண்ணைக்கே போகிறதா?

மகனிடம் வாக்குக் கொடுத்தேன். "சரிடா. வர்ற பட்டத்துக்குச் சொந்த விதை இல்லன்னா விட்டுடறேன். இருந்தா அப்புறம் குத்தகைங்கிற பேச்சு இந்த வீட்டுல வரப்படாது." அவன் சரி என்றான். அந்தத் தை மாசம் என் வயலில் சீரகச் சம்பா அறுப்புக்கு நின்றது. விதைக்கு என்ன குறை என்று தைரியமாக இருந்தேன்.

மழை வந்துவிட்டது. தை மாசத்தில் யார் கூப்பிட்டார்கள் என்று தெரியவில்லை. விதைக்கென்று வயல் நடுவில் நல்ல கதிராகப் பார்த்துக் கையால் அறுத்து, தட்டி, அரை மூட்டை எடுத்து வீட்டுக்குக் கொண்டு வந்தேன். நெல் சொதசொதவென்று இருந்தது. மீதியை ஈரத்தோடு வியாபாரி அள்ளிக்கொண்டு போனார். அது போகட்டும், அரை மூட்டை போதும்.

கூடத்தில் படுதா விரித்து மின்விசிறிக்குக் கீழே விதையைப் பரப்பினேன். பேத்தி அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். நேராகத் தவழ்ந்து போய் ஒரு நெல்லை எடுத்து மூக்கில் வைத்தாள். மருமகள் ஓடி வந்து தட்டிவிட்டாள்.

"அத்தை, மூக்குக்குள்ள போயிருந்தா நான் எங்க தூக்கிக்கிட்டு ஓடுறது? ஆஸ்பத்திரியில நாலு புள்ளைங்களுக்கு மூக்குலேர்ந்து மணி எடுத்திருக்கேன். அள்ளி வைங்க."

அள்ளி மூட்டையில் போட்டேன். மறுநாள் மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தால் ஜுரக்காரன் நெற்றி மாதிரி சுடுகிறது. ஈர நெல் மூட்டைக்குள் புழுங்கினால் அவ்வளவுதான். இன்னும் இரண்டு நாளில் உள்ளேயே முளைத்து, பின்னிக்கொண்டு, மாட்டுக்குத்தான் ஆகும். வெளியே மழை கொட்டுகிறது. வீட்டுக்குள் ஒரே இடத்தில்தான் சூடும் காற்றும் சேர்ந்து வருகிறது. அது ஓரமாக நின்று கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தது.

பேத்தி சட்டை காய்கிற இடத்தில் பேத்தி சாப்பிடப்போகிற நெல் காயக்கூடாதா? எட்டு மணி பஸ் போகிற வரைக்கும் காத்திருந்தேன்.

தலையணை உறையில் ஒரு மரக்கால் நெல்லைப் போட்டு, வாயைப் பழைய புடவைக் கிழிசலால் இறுக்கிக் கட்டினேன். உள்ளே வைத்தேன். சிவப்புப் பொட்டு. உருண்டது பாருங்கள், அரிசி மூட்டையை மாடியிலிருந்து உருட்டிவிட்ட மாதிரி ஒரு சத்தம். பேத்தி கைதட்டினாள். முக்கால் மணி நேரம் கழித்து நின்றது. உறையை வெளியே எடுத்தால் கை பொறுக்காத சூடு. ஒரு நெல்லைக் கடித்தேன். நறுக்கென்று உடைந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. மூன்று நாள் வெயிலில் காயவைத்தாலும் அந்தப் பதம் வராது. ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் அந்த நெல்லைப் போட்டு, இறுக்கி மூடி, கட்டிலுக்கு அடியில் வைத்தேன். இதுதான் முதல் தரம், நாற்றங்காலின் நடுவில் இதைத்தான் விட வேண்டும் என்று முடிவு பண்ணிவிட்டேன்.

ஆசை யாரை விட்டது? இரண்டாவது தடவைக்கு உறையில் இன்னும் இரண்டு படி சேர்த்துத் திணித்தேன். முடிச்சுக்கு இடம் பத்தவில்லை, சும்மா ஒரு சுற்று சுற்றி விட்டேன். பத்து நிமிஷம் ஆகியிருக்காது, தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி மழை பெய்கிற மாதிரி சத்தம். ஊதாப் பொட்டை அமுக்கிக் கதவைத் திறந்தால், உறை ஒரு மூலையில் கோவணம் மாதிரி சுருண்டு கிடக்கிறது, நெல் பெட்டி முழுக்க இருக்கிறது. ஓட்டைக்கு ஓட்டை நெல். பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு, தென்னந்துடைப்பத்தில் நாலு ஈர்க்கை உருவி, குத்திக் குத்தி எடுத்தேன். மத்தியானம் ஆகிவிட்டது. எடுத்ததை மறுபடி உறையில் கட்டிப் போட்டேன். இந்தத் தடவை முடிச்சு மேல் முடிச்சு.

ஓடியது. சத்தம் வந்தது, உருண்டது, எல்லாம் சரியாக நடந்தது. நின்ற பிறகு எடுத்தால் போட்டபடியே இருக்கிறது, சில்லென்று. கண்ணாடியைத் தொட்டேன், சில்லென்று. மிஷினுக்குக் களைப்பு என்று கொஞ்ச நேரம் விட்டுவைத்தேன். அப்புறம் பேத்தியின் ஈரச் சட்டைகளைப் போட்டுப் பார்த்தேன். அவையும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஈரமாகவே வந்தன. தேர்தல் நேரத்து மைக் வண்டி மாதிரி ஊரைக் கூட்டுகிற ஓட்டம், ஆனால் ஒன்றும் காயவில்லை.

சாயங்காலம் மருமகள் வந்து மிஷின் கதவைத் திறந்தாள்.

"என்ன அத்தை, காலையில துவைச்ச துணி இன்னும் காயல?"

"கரண்டு கம்மியா வருதும்மா."

"லைட்டு நல்லாத்தானே எரியுது?"

"இப்ப எரியுது. பகல்ல எல்லாரும் மோட்டார் போட்டுடறாங்க."

"கொட்டுற மழையில வயலுக்கு எவன் அத்தை மோட்டார் போடுறான்?"

"போடுவாங்க. சில பேரு அப்படித்தான்."

மருமகள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மிஷினோடு வந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். மிஷின் ஓடுகிறது, சூடு வரவில்லை என்று அதற்கென்றே ஒரு பக்கம் போட்டிருக்கிறதாம். அதைக் கேட்டதும் எனக்குத் தெம்பு வந்தது. உலகத்தில் என்னைப் போல இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்.

முதலில், நடுவில் இருக்கிற திருகு குளிர்ந்த காற்றுக்குத் திருப்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லை, சூட்டில்தான் இருந்தது. அடுத்தது, பஞ்சு வடிகட்டியை எடுத்துத் தட்ட வேண்டும். துணியிலிருந்து உதிர்கிற பஞ்சு காற்றோடு போய்விடாமல் பிடித்து வைக்கிற சல்லடை அது, கதவு விளிம்பில் சொருகியிருக்கும். அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தெரிந்திருந்தால் முன்னாலேயே துடைத்து வைத்திருப்பேன். மருமகள் உருவினாள். பஞ்சுக்கு மேல் கனமாக ஒரு படை, தூசியும் சுணையும் பதருமாக.

"அத்தை, இதென்ன?"

"பஞ்சும்மா."

"இது பஞ்சு. அது சரி. இதுக்கு மேல ஒட்டிக்கிட்டு இருக்கே, அது என்னன்னு கேக்குறேன்."

"காத்துல வந்திருக்கும். அறுப்பு நேரம்ல?"

அவள் வடிகட்டியைத் தட்டி, கழுவி, துடைத்து மாட்டினாள். ஓடவிட்டாள். சூடு இல்லை. அடுத்தது, வெளியே போகிற குழாய் எங்காவது மடங்கி அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவள் குடையைத் தேடினாள். மீதிப் பதர் எங்கே போயிருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நீ ஏன் நனையிற, இப்பத்தான் வேலை விட்டு வந்திருக்க. நான் பாத்துட்டு வர்றேன்" என்று முந்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். நினைத்தது சரிதான். குழாய்க்கு எதிரே முருங்கை மரம் இடுப்பு உயரத்துக்குப் பதர் பூசிக்கொண்டு நின்றது, கோயில் தூணுக்குச் சந்தனம் அப்பின மாதிரி. மழையில் நனைந்துகொண்டே முந்தானையால் மரத்தைத் துடைத்தேன். பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்ன பெரியம்மா, மரத்தைக் குளிப்பாட்டுறீங்க?" என்றாள். "கம்பளிப்பூச்சி" என்றேன்.

உள்ளே வந்தால் மருமகள் பேத்தியின் சட்டையை மோந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"இதுல நெல்லு வாசனை வருதே அத்தை."

"விவசாயி வீட்டுப் புள்ள மேல மல்லியப்பூ வாசனையா வரும்?"

புத்தகத்தில் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. சூடு அளவுக்கு மீறிப் போனால் ஹீட்டரைத் தானாக நிறுத்துகிற ஒரு சின்னச் சாமான் உள்ளே இருக்கிறது, அது விழுந்திருக்கலாம், மெக்கானிக்கைக் கூப்பிடவும். மருமகள் தஞ்சாவூருக்குப் போன் போட்டாள். மழையில் ஊரில் இருக்கிற மிஷினெல்லாம் படுத்துவிட்டதாம். ஐந்து நாள் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த ஐந்து நாளும் வீட்டுக்குள் தலைக்கு மேலே கொடி. சாமி படத்துக்கு முன்னால் சட்டை, டி.வி.க்கு முன்னால் கோவணத்துணி. மருமகள் குனிந்தபடியே நடந்தாள். நான் எட்டு மணி பஸ் போனதும் தலையணை உறையைக் கட்டுவேன். சூடு இல்லாவிட்டால் என்ன, உருள்கிறதே, காற்று வருகிறதே. மூட்டைக்குள் புழுங்குவதற்கு அது தேவலை. ஆனால் ஒவ்வொரு தடவையும் குளிர்ந்த நெல்லை எடுக்கும்போது மிஷினைத் திட்டுவேன். "சீரா வந்த பெட்டியே, ஒரு நாள் உழைச்சியா, அதுக்குள்ள ஓய்ஞ்சிட்டியே" என்று. பேத்தி நான் திட்டுகிற ராகத்திலேயே ஏதோ சொல்லுவாள். நாலாம் நாள் மழை விட்டது. மங்கலாக ஒரு வெயில் வந்தது. விதையை முற்றத்தில் நிழல் படுகிற பக்கமாகப் பரப்பி, மீதி ஈரமும் போனதும் சாக்கில் கட்டினேன். கையை விட்டால் சூடு இல்லை. இருந்தாலும் மனசு பிஸ்கட் டின்னிலேயே இருந்தது. அதுதான் முதல் தரம், சாக்கில் இருப்பது ஒப்புக்கு.

மெக்கானிக் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். வலங்கைமான் ஆள், நல்ல கனத்த சரீரம், தரையில் உட்காருவதற்கே ஒரு கையைச் சுவரில் ஊன்ற வேண்டியிருந்தது. மிஷினைத் திருப்பி, பின்பக்கத் தகட்டைக் கழற்றினார். டார்ச்சை அடித்தார். அப்படியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மருமகள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, உங்களுக்கு வயலு எந்தப் பக்கம்?"

"வாய்க்காலுக்கு அந்தாண்டை. ஏங்க?"

"இல்ல, இங்கயும் கொஞ்சம் இருக்கே, அதான் கேட்டேன்."

மருமகள் குனிந்தாள். நானும் குனிந்தேன். பெட்டிக்கு அடியில், காற்று போகிற வழியில், ஈரப் பஞ்சு மெத்தை மாதிரி படிந்திருந்தது. அந்த மெத்தையில் விரல்கணு உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று நாற்று. ஒரு உள்ளங்கை அகலம் இருக்கும். நெருக்கமாக, சீராக, யாரோ பார்த்துப் பார்த்து விட்ட மாதிரி.

"மழைக்காலத்துல அது எங்க வேணா முளைக்கும்" என்றேன்.

"அத்தை" என்றாள் மருமகள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. தலையணை உறையிலிருந்து முருங்கை மரம் வரைக்கும் எல்லாம் சொல்லிவிட்டேன். மெக்கானிக் சிரிப்பை அடக்கப் பார்த்தார், வயிறு மட்டும் குலுங்கியது.

"பதரு போயி காத்து வழியை அடைச்சிருக்குங்க. காத்து போகலன்னா சூடு உள்ளயே தேங்கும். தேங்கினா தீப்பிடிச்சிடும்னு மிஷினே ஹீட்டரை நிறுத்திக்கிச்சு. இது கோளாறு இல்ல, ரோஷம். வழியைச் சுத்தம் பண்ணிட்டு, நாம கையால சமாதானம் பண்ணுற வரைக்கும் அது எறங்காது."

எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, உள்ளே பட்டாணி அளவு இருந்த ஒரு பொத்தானை அமுக்கினார். டிக்கென்றது. ஓடவிட்டார். சூடு வந்தது. இதற்கா ஐந்து நாள் கொடிக்குக் கீழே குனிந்து நடந்தோம் என்று இருந்தது.

கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "என்ன நெல்லும்மா அது? அரிசிக்கா?"

"விதைக்குங்க."

அவர் முகம் மாறியது. "விதையா? நானும் வயலு வச்சிருக்கிறவன்தான். இதுக்குள்ள வர்ற சூட்டுல விதையைப் போட்டா அவிஞ்சிடுமே. ஹீட்டர் நின்னது உங்க நல்ல நேரம்."

"அப்படிச் சொல்லாதீங்க தம்பி, மொத தடவை சூடா வந்ததுதான் நல்லா காஞ்சிருக்கு" என்று கட்டிலுக்கு அடியிலிருந்து டின்னை இழுத்தேன். அவர் ஒரு நெல்லைக் கடித்தார், இன்னொன்றை நகத்தால் பிளந்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது சோத்துக்கு ஆகும்மா."

டின்னை மூடிவிட்டுச் சாக்கைப் பார்த்தேன். இத்தனை நாள் பெட்டிக்குள் போட்டு உருட்டியதெல்லாம் என்ன ஆகியிருக்கிறதோ. மூட்டையிலேயே ஒரு தடவை புழுங்கினது வேறு. ஒரு உள்ளங்கை நாற்று முளைத்ததை வைத்து அரை மூட்டையையும் நம்ப முடியுமா? அன்றைக்குச் சாயங்காலம் மகன் கூப்பிட்டான். மருமகள் ஒன்று விடாமல் சொன்னாள். அவன் சிரித்து முடிக்கவே நேரமாகியது. அப்புறம் குரல் மாறியது.

"அம்மா, மிஷின்ல போட்ட விதை உருப்படாது. நீ சொன்ன வாக்கு இருக்கு. நான் அவருகிட்ட குத்தகைக்குச் சரின்னு சொல்லிடறேன்."

மருமகள் போனைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அஞ்சு நாளு பொறுங்க. முளைக்கப் போட்டு எண்ணிப் பாக்குறேன். எண்ணிட்டுச் சொல்றேன், அதுக்கப்புறம் யாருகிட்ட வேணா பேசுங்க."

"நீ யாரு பக்கம்?"

"நான் தட்டுப் பக்கம்."

இரண்டு எவர்சில்வர் தட்டை எடுத்தாள். ஆஸ்பத்திரிப் பையிலிருந்து காயத்துக்குக் கட்டுகிற வலைத்துணியை எடுத்து மடித்துப் போட்டு நனைத்தாள். மாத்திரை எண்ணுகிற மாதிரி ஒரு தட்டில் டின் நெல் நூறு, ஒரு தட்டில் சாக்கு நெல் நூறு. சாக்கில் மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில் கைவிட்டு எடுத்தாள். மேலே இன்னொரு வலைத்துணி போட்டு மூடி, அலமாரியில் வைத்தாள். நான் அரை மணிக்கு ஒரு தடவை போய்த் துணியைத் தூக்கிப் பார்த்தேன்.

"அத்தை, கட்டைப் பிரிச்சுப் பிரிச்சுப் பாக்குற நோயாளிதான் எனக்குப் பிடிக்காத நோயாளி."

அந்த ஐந்து நாளும் அலமாரிக்கும் அடுப்புக்குமாக நடந்தேன். தாசில்தார் மேஜைக்கு முன்னால் நின்றபோதுகூட அவ்வளவு கவலை இல்லை. அப்போது போவதற்கு ஒன்றும் இல்லை, அதனால் பயமும் இல்லை. இப்போது மூன்று மா இருக்கிறது.

ஐந்தாம் நாள் மகனைப் போனில் முகம் தெரிகிற மாதிரி கூப்பிட்டு, போனைச் செம்பில் சாய்த்து வைத்துவிட்டு மருமகள் தட்டுகளை எடுத்தாள். டின் நெல் தட்டைத் திறந்தாள். நூறும் ஊறி, உப்பி, படுத்துக் கிடந்தன. ஒன்றுகூட மூக்கு நீட்டவில்லை. நான் முதல் தரம் என்று முந்தானையில் பொத்திக் கொண்டுபோய் வைத்த நெல். அடுத்த தட்டைத் திறந்தாள். துணியே மேலே தூக்கிக்கொண்டு நின்றது. கீழே வெள்ளை வேர், மேலே பச்சைக் குருத்து. மருமகள் நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணினாள். எண்ணி முடித்து, மறுபடி எண்ணினாள். தொண்ணூற்றிரண்டு.

தட்டைத் தூக்கிச் செம்புக்கு எதிரே காட்டினாள்.

"சரிம்மா. பண்ணு" என்றான் மகன். "நான் அவருக்குப் போன் பண்ணி இல்லன்னு சொல்லிடறேன். ஆனா அந்த மிஷின்ல இனிமே நெல்லு போடாத."

நான் பதில் சொல்லுமுன் மருமகள் சொன்னாள், "போட மாட்டாங்க." மறுநாளே மிஷின் மேல் ஒரு காகிதம் ஒட்டினாள். எழுதி ஒட்டினால் எனக்குத் தெரியாது என்று நெற்கதிர் ஒன்று வரைந்து குறுக்கே சிவப்பில் கோடு அடித்திருந்தாள். வந்து போகிறவர்களெல்லாம் இது எந்தக் கட்சிச் சின்னம் என்று கேட்டார்கள். புதுக் கட்சி என்று சொன்னேன், தலைவி நர்ஸ்.

இரண்டு நாள் கழித்துப் பண்ணை வீட்டுப் பேரன் வந்தார். குத்தகை இல்லை என்று ஆனதில் மனஸ்தாபமாகப் பேசுவார், பேசட்டும், நானும் பேச வேண்டியதைப் பேசிவிடுவது என்று முந்தானையைச் சொருகிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். மருமகள் தண்ணீர் கொடுத்தாள். குடித்தார். தொண்டையைச் செருமினார்.

"உங்ககிட்ட சீரகச் சம்பா விதை நல்லா வந்திருக்குன்னு உங்க மகன் போன்ல சொன்னாரு."

"ஆமா. வந்திருக்கு."

"எங்க வீட்டுல இருந்தது அம்புட்டும் மூட்டையிலயே முளைச்சுப் போச்சு. ஒரு ரெண்டு மரக்கால் இருந்தா கொடுங்கம்மா. அறுப்பு முடிஞ்சதும் மூணா அளந்து தந்துடறேன்."

நிலம் கேட்க வந்த மனுஷன் விதை கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "அதுக்கென்ன, தர்றேன். நம்மகிட்ட இருக்கிறப்ப இல்லன்னு சொல்லலாமா" என்று எழுந்து, மரக்காலை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே ஒரு பக்கம் சாக்கு இருந்தது. இன்னொரு பக்கம் கட்டிலுக்கு அடியில் பிஸ்கட் டின் இருந்தது. டின் நெல்லைப் பார்த்தால் யாருக்கும் தெரியாது, அவ்வளவு அழகு, மஞ்சள் மஞ்சளாக, காய்ந்து கலகலவென்று. அந்த வயிறு ஒட்டின மரக்கால் எனக்கு ஞாபகம் வந்தது. நான் குனிந்து டின்னைத் தொட்டேனா இல்லையா என்று எனக்கே நிச்சயமில்லை.

"அத்தை." மருமகள் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னம்மா? எலி ஏதும் கடிச்சிருக்கான்னு பாத்தேன்."

சாக்கைப் பிரித்து இரண்டு மரக்கால் தலை தட்டாமல் அளந்து கொடுத்தேன். அவர் துண்டில் வாங்கி முடிந்துகொண்டு, இரண்டு கையாலும் கும்பிட்டுவிட்டுப் போனார். டின் நெல்லை அந்த வாரமே ஊறப்போட்டு, வறுத்து, இடித்து அவலாக்கினோம். வாசனை தெருக்கோடி வரைக்கும் போனது. பேத்தி வெல்லத்தோடு பிசைந்து ஊட்ட ஊட்ட வாங்கிக்கொண்டாள், மூக்கில் வைக்கவில்லை.